பெயரைத் தேடுபவர், ஆளைத் தேடுபவர்: ஓர் அடைவுத் தளத்தின் தேடல் தரவரிசை பற்றிய நிகழ்வு ஆய்வு

பழுது பார்ப்பவர்களுக்கான அடைவுத் தளம் அது. தையல் இயந்திரம், கைக்கடிகாரம், கேமரா, இசைக்கருவி, பிரின்டர் என்று 38 வகைப் பொருள்கள், 310 ஊர்கள். எந்தப் பொருளுக்கு எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று சொல்வதுதான் தளத்தின் வேலை. நாலாயிரத்துச் சொச்சம் பேர் பதிவாகியிருந்தார்கள். 2023 கடைசியில் அதன் உரிமையாளர் என்னிடம் வந்தபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கூகுள்ல மேல வரணும். எத்தனை பேக்லிங்க் வாங்கணும்?"

பேக்லிங்க் என்றால் பிற தளங்கள் நம் தளத்துக்குத் தரும் இணைப்பு. அதைப் பேசுவதற்கு முன்னால் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 38 வகை, 310 ஊர்; பெருக்கினால் 11,780. தளத்தின் மென்பொருள் அத்தனை கட்டத்துக்கும் ஆளுக்கொரு பக்கம் தயாரித்து வைத்திருந்தது. நாலாயிரம் பேரைக் கட்டத்துக்கு ஒருவர் என்று பரப்பி உட்கார வைத்தாலும் ஏழாயிரத்துக்கு மேல் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். ஆட்கள் அப்படிப் பரவியும் இல்லை, பெரிய ஊர்களில் குவிந்து கிடந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பத்தாயிரத்துக்கும் அதிகமான பக்கங்களில் ஒருவர்கூட இல்லை. மூன்று பேராவது இருந்த பக்கங்கள் ஐந்நூறைத் தொடவில்லை.

அப்படி ஒரு காலிப் பக்கத்தைத் திறந்தால் மேலே கொட்டை எழுத்தில் இருக்கும்: "இந்த ஊரில் சிறந்த தையல் இயந்திரப் பழுது நிபுணரைத் தேடுகிறீர்களா? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்!" அதற்கு நேர் கீழே, சின்ன எழுத்தில்: "இந்தப் பிரிவில் பதிவுகள் இல்லை." ஊர் பெயரை மட்டும் மாற்றி இதே இரண்டு வரி பத்தாயிரம் முறை. உரிமையாளர் அந்தப் பக்கத்தை வாசகராகத் திறந்து பார்த்ததே இல்லையாம். காட்டியபோது சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பால் எனக்குப் பாதி வேலை குறைந்தது.

முதலில் பேக்லிங்க் விஷயத்தை முடித்துவிடுகிறேன். எனக்கு முன்னால் ஆலோசனை சொன்ன ஒருவர், இந்தத் தளத்தை நூற்றுக்கணக்கான வேறு அடைவுகளில் பதிவு செய்து கொடுத்திருந்தார். அடைவை அடைவுகளில் சேர்க்கும் வேலை. யாஹூவின் அடைவும் டிமாஸ் என்ற அடைவும் உயிரோடு இருந்த காலத்தில் அதற்கு ஒரு பொருள் இருந்தது. அங்கே ஒரு மனிதர் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார். 1994ல் தொடங்கிய யாஹூ அடைவு 2014 முடிவில் மூடப்பட்டது, 1998ல் பிறந்த டிமாஸ் 2017 மார்ச்சில் போனது. அதற்கு முன்பே, 2012 ஏப்ரலில் வந்த, கூகுளின் பெங்குவின் என்ற தரவரிசை மாற்றம் காசு கொடுத்துக் கட்டிய இணைப்புகளைக் குறிவைத்துவிட்டது. இப்போது அந்த நூற்றுக்கணக்கான அடைவுகளில் பெரும்பாலானவற்றை மனிதர் யாரும் படிப்பதில்லை. அவற்றை அழிக்க நேரம் செலவழிக்கவில்லை, புதிதாக ஒன்றும் சேர்க்கவும் இல்லை. அவ்வளவுதான்.

இரண்டு வகைத் தேடல்

முதல் நாளே செய்த காரியம், செர்ச் கன்சோல் தரவை இறக்கி வைத்தது. தளம் எந்தத் தேடல்களில் வருகிறது என்று கூகுள் உரிமையாளருக்குக் காட்டும் கருவி அது. 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். பிறகு ஒப்பிட வேண்டும் என்றால் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். இறக்கிய தேடல் சொற்களை ஒரு தாளில் இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம், ஒரு கடையின் பெயரையோ பழுது பார்ப்பவரின் பெயரையோ போட்டுத் தேடியவை. மறுபக்கம், "தையல் மெஷின் ரிப்பேர்", "பழைய கேமரா சரி செய்ய" என்பது போலத் தேவையைச் சொல்லித் தேடியவை. எண்ணிக்கை பொருந்தவில்லையே என்று யாராவது கேட்பார்கள்: மிக அரிதாகத் தேடப்படும் சொற்களை, தேடியவரின் அந்தரங்கம் கருதி, அந்த அறிக்கை காட்டாது. அதனால் கூட்டுத்தொகை எப்போதும் குறையும்.

பிரித்ததும் படம் தெளிவாகத் தெரிந்தது. பெயர்த் தேடலில் நம் பக்கங்கள் பல முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் இருந்தன. ஆனால் கிளிக் இல்லை. தேவைத் தேடலில் பக்கங்கள் நாலாம் பக்கம், ஐந்தாம் பக்கம் என்று எங்கோ கிடந்தன.

பெயர்த் தேடலில் ஏன் கிளிக் இல்லை? ஒரு கடையின் பெயரைப் போட்டுத் தேடுபவருக்கு வேண்டியது தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், போகும் வழி. கூகுளின் பிசினஸ் புரொஃபைல் பெட்டி இவை மூன்றையும் தேடல் பக்கத்திலேயே கொடுத்துவிடுகிறது. அதைத் தாண்டினால் கடையின் சொந்தத் தளம். இரண்டையும் தாண்டி ஒரு அடைவுக்கு வருபவருக்கு நாம் என்ன புதிதாகத் தரப் போகிறோம்? இந்த இடத்தில் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறினாலும் பெரிய பலன் இல்லை. ஆனால் தளத்தில் இதுவரை நடந்த உழைப்பு முழுவதும் அதற்குத்தான் போயிருந்தது: ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் சொல் சேர்ப்பது, ஒவ்வொரு பதிவுக்கும் நீளமாக அறிமுகம் எழுதுவது.

தேவைத் தேடல் வேறு. தையல் இயந்திரம் நின்றுபோனவருக்கு யார் பெயரும் தெரியாது. அவருக்கு நாலு பேரை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கடையும் தன் பக்கத்து கடையைத் தன் தளத்தில் ஒப்பிட்டுக் காட்டாது. அடைவால் மட்டும் முடிகிற காரியம் அது. ஆகவே நாம் போட்டியிட வேண்டிய பக்கம் தனிப் பதிவுப் பக்கம் அல்ல, வகைப் பக்கம். இந்த ஆய்வில் மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

சராசரித் தரவரிசை எண்ணைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. உரிமையாளர் தினமும் காலையில் பார்த்து வருந்திய எண் அது. ஒரு பக்கம் தேடலில் காட்டப்பட்டால்தான் அதன் இடம் கணக்கில் சேரும். புதிதாக ஒரு சொல்லுக்கு எண்பதாம் இடத்தில் தலைகாட்டத் தொடங்கினால் சராசரி கெட்டுப்போகும். நிலைமை கெடவில்லை, சொல்லப்போனால் முன்னேற்றம்தான். அந்த எண்ணைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கூகுளின் ரோபோ எங்கே சுற்றியது

தளத்துக்கு யார் வந்து போனார்கள் என்று சர்வர் பதிந்து வைக்கும் லாக் கோப்பை ஒரு வாரத்துக்கு எடுத்துப் பார்த்தோம். பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் ரோபோவுக்குக் கூகுள்பாட் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் வருகைகளில் போலிகள் நிறைய இருக்கும்; ஐபி முகவரியைத் திருப்பித் தேடி, உண்மையில் கூகுளுடையதுதானா என்று சரிபார்த்த பிறகே எண்ண வேண்டும். எண்ணியதில், உண்மையான கூகுள்பாட் பெரும்பகுதி நேரத்தை வரிசை மாற்றும் இணைப்புகளில் கழித்துக்கொண்டிருந்தது. அகர வரிசை, தூர வரிசை, மதிப்பெண் வரிசை, இப்போது திறந்திருப்பவை, இவற்றின் சேர்க்கைகள். ஒரே ஐந்து பேர், இருபது முகவரிகளில், இருபது விதமாக அடுக்கப்பட்டு. இந்தப் பக்கம் பத்தாயிரம் காலிக் கட்டம், அந்தப் பக்கம் முடிவில்லாத வரிசை மாற்றங்கள். நடுவில் இருந்த நல்ல ஐந்நூறு பக்கங்களுக்கு அது எப்போதாவதுதான் வந்து போனது.

இன்னொன்றும் தெரிந்தது. பெரிய ஊர்களின் வகைப் பக்கத்தில் முதல் பத்துப் பேருக்குக் கீழே "மேலும் காட்டு" என்று ஒரு பொத்தான். கூகுள்பாட் பொத்தானை அழுத்தாது, திரையை உருட்டிக்கொண்டும் போகாது. இணைப்பு இருந்தால் பின்தொடரும். அதனால் பதினோராவது ஆளிலிருந்து தளத்துக்குள் யாருக்கும் வழியே இல்லை. தேடுபொறிக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப்பில் மட்டும் பெயர் இருந்தது. வீட்டுக்கு முகவரி உண்டு, தெரு கிடையாது என்கிற மாதிரி.

செர்ச் கன்சோலின் அறிக்கையும் வேறு கதை சொல்லவில்லை. 404 என்பது "பக்கம் இல்லை" என்று சர்வர் சொல்லும் குறியீடு. காலிப் பக்கங்களில் ஒரு பகுதி "சாஃப்ட் 404" என்று இருந்தது: சர்வர் "எல்லாம் சரி" என்று 200 குறியீடு தருகிறது, பக்கத்திலோ ஒன்றுமில்லை. இன்னொரு பெரும்பகுதி, வந்து பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற பிரிவில். கூகுளின் ஸ்பேம் கொள்கையில், தேடலில் ஆளைப் பிடிப்பதற்காகவே உருவாக்கும் வாயில்பக்கங்கள் பற்றி ஒரு பகுதி உண்டு. தெளிவான படிநிலை இல்லாமல், தேடல் முடிவுகளைப் போலவே இருக்கும், ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்த பக்கங்களை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அடைவுத் தளம் நடத்துபவர்கள் மாதம் ஒருமுறை வாசிக்க வேண்டிய பகுதி.

வெட்டியதும், வெட்டும்போது செய்த பிழையும்

ஒரு விதி வகுத்தோம். நாங்கள் தொலைபேசியில் பேசி உறுதி செய்த மூன்று பேராவது இருந்தால்தான் வகைப் பக்கம் தேடலுக்குத் திறக்கப்படும். மூன்று என்பது கூகுள் சொன்ன எண் அல்ல, நாங்கள் வைத்துக்கொண்டது. ஒப்பிடுவதற்கு இரண்டு போதாது என்று தோன்றியது. ஒருவரோ இருவரோ இருக்கும் பக்கம் தளத்தில் இருக்கும், ஆனால் "தேடலில் சேர்க்காதே" என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறி போட்டிருக்கும். சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்த வட்டாரப் பக்கத்துக்கு அதிலிருந்து இணைப்பு இருக்கும். யாருமே இல்லாத பக்கம் உண்மையான 404 தரும். காலிப் பக்கங்களை எல்லாம் முகப்புக்குத் திருப்பிவிடலாமே என்று டெவலப்பர் கேட்டார். சம்பந்தமில்லாத திருப்பலை கூகுள் மறுபடியும் சாஃப்ட் 404 என்றே எடுத்துக்கொள்ளும். வாசகருக்கும் எரிச்சல்.

இனி பிழை. அது என்னுடையது. செய்ய வேண்டிய மாற்றங்களை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன், எது முதலில், எது பிறகு என்று எழுதவில்லை. டெவலப்பர் நல்லவர், வேகமானவர். ஒரே ராத்திரியில், ஒருவர் இருவர் மட்டும் இருந்த மெலிந்த பக்கங்களுக்கு நோஇண்டெக்ஸ் குறியும் போட்டார், அதே பக்கங்களை, ரோபோக்கள் எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் அடைத்தார். கேட்க இரட்டைப் பூட்டு மாதிரி இருக்கும். நடந்ததோ எதிர்மாறு. ரோபாட்ஸ் கோப்பு "உள்ளே வராதே" என்கிறது. நோஇண்டெக்ஸ் குறியோ உள்ளே மாட்டியிருக்கிறது. உள்ளே வராதவர் அதை எப்படிப் படிப்பார்? இண்டெக்ஸ் எனப்படும் கூகுளின் பட்டியலில் ஏற்கெனவே இருந்த பக்கங்கள் அப்படியே தங்கின. விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்ற வரியோடு தேடலில் நின்றன. மூன்று வாரம் கழித்து, "அடைக்கப்பட்டிருந்தும் இண்டெக்ஸ் ஆகியுள்ளவை" என்ற பிரிவு வீங்கியிருந்ததைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டேன். அடைப்பை எடுத்தோம், ரோபோ வந்து குறியைப் படிக்கட்டும் என்று விட்டோம். மெல்ல உதிர்ந்தன. வரிசை மாற்றும் முகவரிகள் மட்டும் வேறு விஷயம். அவற்றில் பெரும்பாலானவை பட்டியலில் சேரவே இல்லை, ரோபோவின் நேரத்தைத் தின்பதுதான் சிக்கல். அவற்றுக்கு ரோபாட்ஸ் அடைப்பே சரியானது.

எல்லா ஃபில்டரும் குப்பை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். "வீட்டுக்கு வந்து பழுது பார்ப்பவர்" என்பதை மக்கள் உண்மையிலேயே தேடுகிறார்கள். தேடல் தரவில் அந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. அதை மட்டும் ஃபில்டரிலிருந்து எடுத்து, தனித் தலைப்பும் தனி முகவரியும் உள்ள பக்கமாக்கினோம்.

"மேலும் காட்டு" பொத்தான் இருந்த இடத்தில் 1, 2, 3 என்று பக்க எண் இணைப்புகள் வந்தன. பழைய அமைப்பில் இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் எல்லாவற்றிலும், எது மூலப் பக்கம் என்று சொல்லும் கேனானிகல் குறி முதல் பக்கத்தைக் காட்டியது. அதாவது "நானும் அதுவும் ஒன்றே, என்னைப் பொருட்படுத்தாதே" என்று ஒவ்வொன்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அவை ஒன்றல்லவே, வேறு வேறு ஆட்கள். ஒவ்வொன்றும் தன்னையே காட்டும்படி மாற்றினோம். முந்தையது, அடுத்தது என்று சொல்லும் குறிகளையும் சேர்க்கலாமா என்ற கேள்வி வந்தது. கூகுள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று 2019லேயே சொல்லிவிட்டது.

சைட்மேப்பில் ஒரு வேடிக்கை. தினமும் நள்ளிரவில் அது புதிதாக உருவாகும். அப்போது எல்லாப் பக்கத்துக்கும் "கடைசியாக மாறியது" என்ற இடத்தில் அன்றைய தேதி ஏறிவிடும். 11,780 பக்கமும் தினம் மாறுகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தத் தேதி நம்பும்படியாக இருந்தால்தான் கூகுள் அதைக் கணக்கில் எடுக்கும். ஒரு பதிவை நாங்கள் மறுபடி உறுதி செய்தால் மட்டும் தேதி மாறும் என்று ஆக்கினோம். முன்னுரிமை எண் என்று ஒன்றையும் கவனமாக நிரப்பி வைத்திருந்தார்கள், 0.8, 0.6 என்று. கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை.

ஐந்து கேள்விகள்

வெட்டுவது சுலபம். மிஞ்சிய பக்கம் ஒருவருக்குப் பயன்பட வேண்டுமே. பழைய பதிவுகளின் அறிமுகங்கள் பெரும்பாலும் கடைக்காரர்களின் சொந்தத் தளத்திலிருந்து அப்படியே எடுத்தவை. "பல ஆண்டு அனுபவம், தரமான சேவை, நியாயமான கட்டணம்." இதை எந்த வகைக்கும் எந்த ஊருக்கும் ஒட்டலாம். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் மூலத்தை.

ஆகவே அறிமுகம் எழுதுவதையே நிறுத்திவிட்டு, தொலைபேசியில் கேட்க ஐந்து கேள்விகள் தயாரித்தோம். ஒவ்வொரு வகைக்கும் வேறு வேறு. தையல் இயந்திரத்துக்கு இவை: வீட்டு இயந்திரமா, தொழிற்சாலை இயந்திரமா, இரண்டுமா? காலால் மிதிக்கும் பழைய இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் கிடைக்குமா? வீட்டுக்கு வருவீர்களா? சாதாரணப் பழுதுக்கு எத்தனை நாள் ஆகும்? எதைச் செய்ய மாட்டீர்கள்?

கடைசிக் கேள்வி முதலில் பட்டியலில் இல்லை. தளத்தில் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் முதல் வாரம் பேசியபோது ஒருவர் தானாகவே சொன்னார்: "மோட்டார், பெல்ட், ஷட்டில் எல்லாம் பார்ப்பேன்மா. கம்ப்யூட்டர் மெஷின்ல போர்டு போயிருந்தா என்கிட்ட கொண்டு வரச் சொல்லாதீங்க. தூக்கிட்டு வந்து திரும்பிப் போறாங்க, பாவமா இருக்கு." அந்தப் பெண் அதை அப்படியே குறித்துக்கொண்டு வந்தார். "செய்யாதவை" என்று ஒரு கட்டம் அன்றைக்கே சேர்ந்தது. எந்தக் கடையின் தளத்திலும் இந்தத் தகவல் இருக்காது, கூகுளின் பெட்டியிலும் இல்லை. கனமான இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறவருக்கு ஐந்து நட்சத்திரத்தைவிட இந்த ஒரு வரி மேல்.

பதில்கள் கட்டங்களாக வந்ததால் வகைப் பக்கத்தின் மேலேயே ஒரு அட்டவணை போட முடிந்தது. ஆறு பேர், ஐந்து பதில், கடைசியாகப் பேசி உறுதி செய்த தேதி. "சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்" போய்விட்டது; அந்த இடத்தில் இரண்டு வாக்கியம்: இந்த ஊரில் தொழிற்சாலை இயந்திரம் பார்ப்பவர் இருவர்தான், பழைய மிதி இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வைத்திருப்பவர் ஒருவர், என்கிற மாதிரி. இதை ஊர் பெயரை மாற்றி இன்னொரு பக்கத்தில் ஒட்ட முடியாது. தலைப்பும் அதற்கேற்ப மாறியது: "சிறந்த" என்ற சொல் போய், எத்தனை பேர், என்னென்ன பார்ப்பார்கள் என்பது வந்தது.

பேசப் பேச எண்ணிக்கை குறைந்தது. கடை மூடியவர், எண் மாறியவர், ஒரே ஆள் இரண்டு பதிவு, வேறு தொழிலுக்குப் போனவர். முழுக்க முடிந்தபோது நாலாயிரத்துச் சொச்சம் சுமார் 2,600 ஆகியிருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு என்பது பார்க்கச் சின்ன விஷயம். ஒன்றில் பழைய எண், ஒன்றில் புதிய எண் என்றால் எது உண்மை என்று தேடுபொறிக்கும் தெரியாது, வாடிக்கையாளருக்கும் தெரியாது. பெயர், முகவரி, எண் மூன்றும் கடையின் தளத்திலும் கூகுள் புரொஃபைலிலும் உள்ளபடியே நம்மிடமும் இருக்க வேண்டும் என்பதை விதியாக்கினோம்.

பெயர் விஷயத்தில் கடைக்காரர்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "என் பேருக்குப் பின்னால 'நம்பர் 1 ரிப்பேர் சென்டர்'னு சேர்த்துப் போடுங்க, மேல வரும்" என்பார்கள். கடைப் பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் என்று மறுத்துவிட்டோம். கூகுள் புரொஃபைலிலும் அதுவே விதி. பெயரில் சொல்லைத் திணித்தால் புரொஃபைல் முடக்கப்படும் ஆபத்து உண்டு. வரைபட முடிவுகளின் வரிசைக்கு கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: பொருத்தம், தூரம், பிரபலம். தேடுபவர் எங்கே நிற்கிறார் என்பதை எந்த வித்தையாலும் மாற்ற முடியாது. ஆனால் பொருத்தம் கையில் இருக்கிறது, எந்த வேலை செய்கிறோம் என்பதைச் சரியாக நிரப்பினாலே போதும். எங்களிடம் சொன்ன ஐந்து பதில்களையே அங்கும் எழுதிவிடுங்கள் என்று அனுப்பி வைத்தோம். நமக்குப் போட்டியாக அவர்களையே வளர்ப்பதா என்று உரிமையாளர் கேட்டார். பெயர்த் தேடலை எப்படியும் விட்டுக்கொடுத்தாயிற்றே.

நட்சத்திரம், விளம்பரம், வேகம்

பக்கத்தில் உள்ளதைத் தேடுபொறிக்கு விளக்கும் ஸ்கீமா குறிகளைப் பார்த்தபோது தூக்கிவாரிப்போட்டது. மதிப்புரை ஒன்றுகூட இல்லாத பதிவுக்கும் ஐந்து நட்சத்திரம் என்று குறியில் எழுதியிருந்தது. திரையில் தெரியாது, தேடுபொறிக்கு மட்டும் சொல்லும் பொய். இதற்கு கூகுளின் ஆட்களே நேரில் பார்த்துத் தண்டனை தரலாம். அன்றைக்கே எடுக்கச் சொன்னேன். ஒரு கடை தன் சொந்தத் தளத்தில் தனக்கே நட்சத்திரம் போட்டுக்கொள்வதை கூகுள் 2019 செப்டம்பரிலிருந்து காட்டுவதில்லை. அடைவுக்கு அந்தத் தடை இல்லை, அது மூன்றாம் தரப்பு. அந்தச் சலுகையைப் பொய்யால் கெடுத்துக்கொள்ளலாமா? உண்மையான மதிப்புரை உள்ளவற்றுக்கு மட்டும் நட்சத்திரக் குறியை விட்டுவைத்தோம். பக்கம் எந்தப் பிரிவுக்குள் இருக்கிறது என்று காட்டும் படிநிலை இணைப்புக் குறியை எல்லாவற்றுக்கும் போட்டோம்.

காசு கொடுத்து மேலே நிற்பவர்களுக்கு "விளம்பரம்" என்று வெளிப்படையாக எழுதி, அவர்கள் தளத்துக்கான இணைப்பில், இது காசுக்குப் போட்டது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு குறி சேர்த்தோம். "எங்கள் முத்திரையை உங்கள் தளத்தில் ஒட்டுங்கள்" என்று கடைக்காரர்களிடம் கொடுத்து வந்த, உள்ளே தேடல் சொல் ஒளித்த இணைப்பையும் நிறுத்தினோம்.

வேகத்தில் பெரிய கதை இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வரைபடம் முழுதாக ஏறிக்கொண்டிருந்தது. தொட்டால் மட்டும் ஏறும்படி மாற்றியதும் முக்கியப் பகுதி தெரியும் நேரம் கூகுள் சொல்லும் 2.5 வினாடி வரம்புக்குள் வந்தது. தரவரிசையில் இதனால் எதுவும் அசைந்ததாக எனக்குத் தெரியவில்லை. வாசகர்கள் திட்டுவது குறைந்தது.

என்ன நடந்தது, எதை உறுதியாகச் சொல்லலாம்

முதல் மாதம் கிளிக் இறங்கியது. பத்தாயிரம் பக்கத்தை எடுத்தால் கொஞ்சமாவது இறங்கத்தான் செய்யும்; எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் தவறி வந்து திரும்பிப் போன கிளிக்குகள் அவை. ஆனாலும் கீழ்நோக்கிய கோட்டைத் தினமும் பார்ப்பது கஷ்டம். "பழையபடி மாத்திடலாமா?" என்று உரிமையாளர் இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறை எனக்கே தயக்கம் இருந்தது, நோஇண்டெக்ஸ் பிழை நடந்த நேரம் அது.

அப்புறம் 2024 மார்ச் 5 வந்தது. அன்று கூகுள் தன் தரவரிசை முறையில் ஒரு பெரிய அடிப்படை மாற்றத்தையும் புதிய ஸ்பேம் கொள்கைகளையும் ஒன்றாக அறிவித்தது. மொத்தமாகப் பக்கம் உற்பத்தி செய்வது அதில் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டது. மனிதர் எழுதினாலும் சரி, எந்திரம் எழுதினாலும் சரி. அடிப்படை மாற்றம் ஏப்ரல் 19 வரை ஓடியது. எங்கள் வகைப் பக்கங்கள் ஏறத் தொடங்கியதும் அதே வாரங்களில்தான். ஆக, ஏறியது எங்கள் வேலையாலா, அல்லது எங்களைவிட மோசமான தளங்கள் சரிந்ததாலா? இரண்டும் கலந்தது என்பதே நேர்மையான பதில். தனித்தனியாகப் பிரிக்க வழியில்லை.

ஒரு சிறு சான்று உண்டு. ஐந்து கேள்வி வேலையை எல்லா வகைக்கும் ஒரே நேரத்தில் செய்ய ஆள் இல்லாததால் ஒன்பது வகைகளை முதலில் முடித்தோம். மற்ற 29லும் காலிப் பக்கங்கள் வெட்டப்பட்டிருந்தன, ஐந்து கேள்விகள் இன்னும் கேட்கப்படவில்லை. ஏறியவை பெரும்பாலும் அந்த ஒன்பதில் இருந்தன. மற்றவை இருந்த இடத்திலேயே நின்று, அடுத்த மாதங்களில் பேசி முடிக்க முடிக்க ஒவ்வொன்றாக அசைந்தன. இதுவும் சுத்தமான ஒப்பீடு அல்ல. அதிகம் தேடப்படும் வகைகளைத்தான் முதலில் எடுத்திருந்தோம்.

தையல் இயந்திரம் பெரிய ஊர்கள் பலவற்றில் முதல் பக்கத்துக்கு வந்தது. பழைய மிதி இயந்திரப் பக்கத்துக்கு, தையல் கற்றுத்தருபவர்கள் சிலர் யாரும் கேட்காமலே இணைப்புக் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் இந்தத் தளத்துக்குத் தானாக வந்த முதல் நல்ல பேக்லிங்க்குகள். கைக்கடிகாரமும் நன்றாக ஏறியது. கேமரா ஏறவே இல்லை: அந்தத் தேடலில் தயாரிப்பு நிறுவனங்களின் சொந்த சேவை மையப் பக்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன, தேடுபவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள் போலிருக்கிறது. இசைக்கருவியும் அப்படியே. அங்கே அந்தக் கருவிகளை வாசிக்கும் கலைஞர்கள் எழுதிய நீண்ட அனுபவங்கள் எங்கள் அட்டவணையைவிட உபயோகமானவை. படித்துப் பார்த்தபோது நானே அதைத்தான் மேலே வைத்திருப்பேன் என்று தோன்றியது. பெயர்த் தேடலில் எதிர்பார்த்தபடி ஒரு மாற்றமும் இல்லை.

மூடிய கடைகளின் பக்கங்களை என்ன செய்வது என்பதில் இன்னும் இழுபறி. பெயரைத் தேடி இன்னும் ஆட்கள் வருகிறார்கள். இப்போதைக்கு "மூடப்பட்டது" என்று மேலே எழுதி, அதே வேலை செய்யும் அருகிலுள்ள மூவரைக் கீழே காட்டுகிறோம். வருகை நின்றபின், நிரந்தரமாகப் போய்விட்டது என்று சொல்லும் 410 குறியீடு கொடுத்து எடுத்துவிடுகிறோம். டெவலப்பருக்கு இது பிடிக்கவில்லை, மூடியது மூடியதுதானே என்கிறார்.

பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்தான் இப்போது தளத்தின் முக்கியமான ஆள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,600 பேரிடமும் பேசிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நாளைக்கு இருபது அழைப்பு, பாதிப் பேர் எடுப்பதில்லை. உதவிக்கு இன்னொருவரைச் சேர்த்திருக்கிறார்கள். பேக்லிங்க்குக்கு என்று ஒதுக்கியிருந்த பணம் அந்தச் சம்பளத்துக்குப் போகிறது.

போன வாரம் உரிமையாளர் ஒரு புதிய ஊரைச் சேர்க்கலாமா என்று கேட்டார். அங்கே கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் இரண்டு பேர் உறுதியாகியிருக்கிறார்கள். மூன்றாவது ஒருவர் இருப்பதாகக் கேள்வி, நாலு முறை அழைத்தும் எடுக்கவில்லை. அவர் எடுக்கும்வரை அந்தப் பக்கம் திறக்காது.